நாலு மணி வரைக்கும் நம்ம முறை

என்னைப் பெற்ற அப்பா என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். நான் சொன்ன பதில்: "செவ்வாய் கிரகமுங்க. காந்திபுரத்துல எறங்கி டவுன் பஸ் மாறோணும்." பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவர் சிரித்த தைரியத்தில் அதையே இன்னொரு தடவையும் சொன்னேன்.

இப்படி ஒன்றரை நாள் போனது. அந்த ஒன்றரை நாளும் அப்பாவின் ரத்தத்தில் உப்பு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சிங்காநல்லூரில் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வால்வு, வாஷர், பைப் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்பது என் நம்பிக்கை. பக்கத்துக் கடையில் கூட்டமாக இருப்பதால் வருகிறார்கள் என்பது என் மனைவி கோமதியின் நம்பிக்கை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. கடைக்கு வந்தால் முன்பின் தெரியாத ஆள் மாதிரி கல்லாவுக்கு எதிரே நின்று, "ஏனுங்க மொதலாளி, போன மாசம் இங்க ஒரு வழுக்கத் தலையன் வால்வு குடுத்தானுங்க. இருக்கறானுங்களா, செத்துட்டானுங்களா?" என்பார். "நேத்துத்தானுங்க எடுத்தோம்" என்பேன். வாங்க வந்தவர்கள் முழிப்பார்கள். கடை திறந்த நாளிலிருந்து நடக்கிற நாடகம் இது. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னை எந்த ஊர் என்று கேட்டதும், பரவாயில்லை, மனுஷன் தேறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா பெயர் நாச்சிமுத்து. வயது எழுபத்தாறு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, அதற்குள்ளேயே சாளை என்று நாங்கள் சொல்கிற தோட்டத்து வீடு. அம்மா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தார். சோறு நெஞ்சில் நிற்கிறது என்று அவர் வாய் திறந்து சொன்னது பொங்கலன்று. அதற்கு முன்னால் இரண்டு மாதமாகக் கஞ்சியும் ரசமுமாக ஓட்டியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று பயம். பயந்த மாதிரியே கூட்டிக்கொண்டு வந்தோம்.

எண்டோஸ்கோப்பி என்று எழுதிக் கொடுத்தார்கள். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பது. "போர்வெல் குழிக்குள்ள கேமரா உடற மாதிரிங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "அதே மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னபோது, அடுத்த ஜோக் என் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. அப்பாவுக்குச் சோறு நின்ற மாதிரி.

உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்ப்பார்கள். கீமோ என்பது ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து. வேகமாக வளரும் செல்களை அது அடிக்கும். அதில் நல்லது கெட்டது என்று ஆள் பார்க்காமல் கொஞ்சம் நல்லதையும் அடித்துவிடும். ரேடியேஷன் என்பது கதிர்வீச்சு. ஒரு மேஜையில் படுக்க வைத்து, வலி தெரியாமல், அந்த இடத்தை மட்டும் குறிவைப்பது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தென்னைக்கு இந்த வருசம் ஒரம் வெக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "வைங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் முதல் கீமோவைத் தாண்டினோம்.

இரண்டாவது கீமோதான் புரட்டிப் போட்டது. ஓயாத வாந்தி. வாய் காய்கிறது, வாய் காய்கிறது என்று அப்பா வெறும் தண்ணீராகக் குடித்தார். நானும் பாசத்தோடு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தேன். வாந்தி நிற்கட்டும் என்று வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் செவ்வாய் கிரகம்.

மறுநாள் மதியம் கோமதி சாப்பாட்டுப் பையோடு வந்தாள். அப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மணி, வா" என்றார். பிறகு என்னைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "பாவம், வெளியூர்க்காரரு. நேத்துப் புடிச்சு இங்கயே உக்காந்திருக்கறாரு. அவருக்கும் ஒரு தட்டு போடு" என்றார்.

நான் சிரித்தேன். கோமதி சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தருகே குனிந்தாள்.

"மாமா, இது யாருங்க?"

"தெரியலையே சாமி."

"உங்க பையன் எங்கீங்க?"

"பள்ளிக்கோடம் போயிருக்கறான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "எப்பிருந்து இப்பிடிப் பேசறாரு?" என்றாள். "நேத்துக் காத்தாலருந்து" என்றேன். அவள் நர்ஸ் மேஜைக்கு ஓடினாள். நாடகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மேடையில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா வந்து அதையே கேட்டார். எப்போதிலிருந்து? நான், "இன்னிக்குக் காலைல இருந்துங்க" என்றேன். கோமதி உடனே, "நேத்துல இருந்துங்க டாக்டர்" என்றாள். பொய் சொன்னதற்குக் காரணம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்தபோதும் நான் இப்படித்தான் சொன்னேன்.

ரத்தம் எடுத்தார்கள். மூளைக்கு நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கும் எழுதினார்கள். அப்பாவைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவர். அவர் மனைவி உள்ளே இருந்தாள். மலையிறங்கி வந்த பஸ்ஸில் அவள் வாந்தி எடுத்ததை, நாற்பதாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து இறங்குமுகமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழாவது வளைவில் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் கதையை நிறுத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் பதினாறாவது வளைவுக்குப் போனார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

மூளைக்குப் பரவவில்லை. ரத்தத்தில்தான் கோளாறு. சோடியம், அதாவது உப்புச் சத்து, நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது நூற்றுப் பதினாறில் இருந்தது. டாக்டரம்மா எங்களை நிற்க வைத்தே விளக்கினார்.

"கீமோ மருந்தாலயும் உப்பு எறங்கும். வாந்தியும் சேர்ந்துபோச்சு. அதுக்கு மேல வெறும் தண்ணி நெறையக் குடிச்சிருக்காரு. உப்பு கொறைஞ்சா மூளையில நீர் கோத்துக்கும். அதான் ஆள் தெரியல, நேரம் தெரியல. இதுக்கு டெலிரியம்னு பேரு. திடீர்னு வர்ற மனக்குழப்பம். மறதி நோய் கிடையாது. காரணத்தச் சரி பண்ணுனா பெரும்பாலும் திரும்பி வந்துருவாங்க."

'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல் அன்று முழுக்கக் காதுக்குள்ளேயே கிடந்தது.

"உப்பு கூடுதலா இருக்கற சலைன் போடுறோம். சொட்டு எண்ணித்தான் போகும். வேகமா ஏத்தினா மூளைக்குக் கெடுதல். நடுவுல நின்னாலும் கெடுதல், ஃபிட்ஸ் வரலாம். இந்த ரெண்டு நாள் ரொம்ப முக்கியம். புரியுதுங்களா?"

"புரியுதுங்க" என்றேன். பம்ப் கடைக்காரனுக்குத் தண்ணீர் ஓட்டம் புரியாதா என்ன.

அன்று பொழுது சாயச் சாய அப்பா வேறு ஆளானார். சாயங்காலத்தில் இந்தக் குழப்பம் கூடும் என்று வார்டு நர்ஸ் ஜெஸ்ஸி சிஸ்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். பாலக்காட்டுக்காரர். சொன்னதைக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. அப்பா தலைமாட்டுச் சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கையைப் பிடித்ததும், "திருட்டுப் பயலே, ஊட்டுக்குள்ள எப்படா வந்த? கைய உடுறா" என்று கத்தினார். பிறந்ததிலிருந்து என்னை அவர் திட்டியதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணில் பயம் இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தார். என்னைப் பார்த்து இதுவரைக்கும் நாய்கூடப் பயந்ததில்லை.

கையைக் கட்டிலோடு கட்டலாமா என்று பேச்சு வந்தது. கோமதி வேண்டாம் என்றாள். ஊசி இருந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விடிகிற வரைக்கும் அந்தக் கையைத் தடவிக்கொண்டே, "மாமா, ஆஸ்பத்திரியில இருக்கறோமுங்க. நான் கோமதிங்க. விடிஞ்சா வெள்ளிக்கெழமைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. நான் வெளியே வராந்தாவில் நின்றேன். என்னைப் பார்த்தால் அவர் பயந்தார் என்பது ஒரு காரணம். எனக்கும் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது என்பது இன்னொன்று.

மறுநாள் காலை டாக்டரம்மா சில யோசனைகள் சொன்னார். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், கண் சரியாகத் தெரியாவிட்டால் குழப்பம் கூடும். ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். மணி தெரிகிற மாதிரி ஏதாவது வையுங்கள். அவர் சொல்வதோடு சண்டை போடாதீர்கள். அதற்காக அவர் கற்பனைக்குள் நீங்களும் போய் உட்காராதீர்கள். இந்தக் கடைசி யோசனையைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார் என்று கோமதி சொல்கிறாள்.

மணி தெரிய வேண்டும் என்றதும் அப்பாவின் கைக்கடிகாரம் ஞாபகம் வந்தது. சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். பையில்தான் இருந்தது. சாவி கொடுத்து, ஊசி இல்லாத கையில் கட்டிவிட்டேன். அவர் முகம் உடனே மாறியது. பதற்றம் போய் ஒரு கவனம் வந்தது. மணியைப் பார்த்தார், தலைக்கு மேல் தொங்கிய சலைன் பாட்டிலைப் பார்த்தார், குழாயில் சொட்டு விழுவதைப் பார்த்தார்.

"தண்ணி வந்துருச்சுங்களா?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இத்தனை ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. நம் முறை வந்தால் மடையைத் திறந்து தோட்டத்துக்குப் பாய்ச்ச வேண்டும். முடிந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்து அடுத்தவருக்கு விட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை முறித்துக்கொண்ட ஊர் எங்களுடையது. அந்தக் கடிகாரத்தை அப்பா வாங்கியதே முறைத் தண்ணீருக்காகத்தான்.

"வந்துருச்சுங்கப்பா" என்றேன்.

"நல்லா வருதுங்களா?"

"சொட்டுச் சொட்டா வருதுங்க. நல்ல தண்ணி."

அப்பா சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரால் முடியாததை நான் செய்துவிட்டேன். மதியம் வரைக்கும் சொட்டை எண்ணிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தார். "தெக்கால பாத்திக்குப் போகுதா?" என்று கேட்பார். "போகுதுங்க" என்பேன். கோமதி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாள்.

மூன்றரை மணிக்குக் கேட்டார். "நம்ம மொறை எது வரைக்குமுங்க? பழனிச்சாமி காத்துக்கிட்டிருப்பான்." பழனிச்சாமி எங்களுக்கு மேற்காலத் தோட்டத்துக்காரர். எங்கள் முறை முடிந்தால் அடுத்த முறை அவருடையது.

முந்தின நாளிலிருந்து நான் கண்ணை மூடவில்லை. எனக்கு ஒரு டீ வேண்டும். அவர் தூங்கினால்தான் நான் கீழே போக முடியும். யோசிக்கவே இல்லை.

"நாலு மணி வரைக்கும் நம்ம முறைங்கப்பா. அதோட முடிஞ்சுது. அப்பறம் நிம்மதியாத் தூங்குங்க" என்றேன்.

"செரிங்க" என்றார்.

கேன்டீனில் டீ குடித்தேன். ஒரு பன்னும் சாப்பிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலே வந்தபோது நாலேகால் இருக்கும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கடிகாரக் கையை வயிற்றின் மேல் வைத்து, வேலை முடித்த மனுஷன் மாதிரி. வார்டில் வேறு ஒரு கட்டிலில் ஏதோ அவசரம். சிஸ்டர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கோமதியின் குரல்தான் எழுப்பியது. அப்பாவின் தலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது. பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கட்டில் கம்பியில் கடிகாரம் மோதுகிற சத்தம். டக், டக், டக். அவரைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். ஜெஸ்ஸி சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஊசி போட்டார்கள். வெட்டுவது நின்றது. பிறகு அப்பா குறட்டை மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

சிஸ்டர் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். குழாயைக் கையால் தடவிக்கொண்டே கீழே வந்தார். நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உருட்டினால் சொட்டு கூடும், குறையும், நிற்கும். அது அடிவரைக்கும் உருட்டிவிடப்பட்டிருந்தது.

"ஆரு இது அடைச்சது?" என்றார்.

மணி ஆறரை. இரண்டரை மணி நேரம் அது அடைந்து கிடந்திருக்கிறது. நான் வாழ்நாள் முழுக்க வால்வு விற்றவன். கண்ணுக்கு முன்னால் ஒரு வால்வு மூடியிருந்தது. நான் அதன் கீழே உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன்.

"அப்பாவே அடைச்சிருப்பாருங்க சிஸ்டர். தண்ணி மொறைன்னு நெனச்சுட்டு" என்றேன். அது பொய் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே இரும்பு நாற்காலி வரிசை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்போம்; நம் பெயர் இல்லை என்றால் உட்காருவோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரியாது. ஆகவே கூப்பிடாமல் இருந்தாலும் பயம், கூப்பிட்டாலும் பயம். அந்த இரண்டு நாளில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கோமதிக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து, மூடியில் ஊற்றி, என் கையில் வைத்து, "குடிங்க. நீங்களும் படுத்துட்டீங்கன்னா ரெண்டு பேரத் தூக்க என்னால ஆகாது" என்றாள். நடந்ததை அவளிடம் அங்கேதான் சொன்னேன். நாலு மணி என்று சொன்னது நான்தான் என்று. அவள் மூடியில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொட்டு நின்றதால்தான் ஃபிட்ஸ் வந்ததா?

"அதனாலதான்னு சொல்ல முடியாது. உப்பு அவ்வளவு கீழ இருந்தா நிக்காம போனாலும் வரலாம்."

"அப்ப அதனால இல்லீங்களா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தக் கதவு மூடியே இருந்திருக்கலாம் என்று பட்டது.

நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்து மூன்று. நூற்று இருபத்தேழு. ரிசல்ட் வரும்போதெல்லாம் உப்புக் கணக்கை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். அப்பா கண்ணை மூடியிருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராக நின்றேன். நான் உங்க பையனுங்க, இது ஆஸ்பத்திரிங்க, இன்னிக்குத் திங்கக்கெழமைங்க. மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். நிதானமாக மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏன்டா, சவரம் பண்ணலியா? கரடியாட்ட நிக்கற" என்றார்.

கரடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது.

பிறகு அவருக்கு எல்லாம் மெல்லத் தெளிந்தது. ஆனால் அந்த நாட்கள் நினைவில் இல்லை. வார்டுக்குத் திரும்பிய அன்று, "யாரையாச்சும் ஏதாச்சும் பேசிப்போட்டனா கண்ணு?" என்று கேட்டார். இல்லீங்கப்பா என்றேன். நம்பவில்லை. ஜெஸ்ஸி சிஸ்டரைக் கூப்பிட்டு, "தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி" என்றார். அவர் வெட்கப்பட்டதைப் பார்க்க, கத்தியதைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கீமோ மருந்தை மாற்றினார்கள். ரேடியேஷன் முடிந்துவிட்டது. கட்டி சுருங்கியிருக்கிறது; அறுவை சிகிச்சைக்கு உடம்பு தாங்குமா என்று அடுத்த மாதம் பார்ப்பார்கள். இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, தென்னைக்கு உரம் வைத்தாயா என்று என்னை விரட்டுகிறார். இந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடந்து, அவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், வயசாகிவிட்டது என்றோ, தமாஷ் என்றோ, மருந்து மயக்கம் என்றோ விட்டுவிடாதீர்கள். அந்த நிமிஷமே போய் நர்ஸிடம் சொல்லுங்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

உள்ளதைச் சொல்வதில் நான் எப்படி என்று இவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவைப் பார்க்க வருகிற சொந்தபந்தங்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். என்னுடைய நாலு மணியை மட்டும் எடுத்துவிட்டேன். சொல்லச் சொல்ல அது நல்ல கதையாகிவிட்டது. நினைவு தப்பின நேரத்திலும் அடுத்தவன் தண்ணீர் நமக்கு வேண்டாம் என்று தன் உயிர்த் தண்ணீரையே அடைத்த மனுஷன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அத்தை, "அண்ணன் தங்கமாச்சே" என்று விசும்பினாள். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்தது என்று பட ஆரம்பித்துவிட்டது. நான் சொல்லாவிட்டாலும் அவர் அடைத்திருப்பார் என்று.

போன வாரம் பழனிச்சாமி வந்தார். அப்பாவைவிட இரண்டு வயது இளையவர். ஒரு குலை இளநீரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தோம். நான் கதையை ஆரம்பித்தேன். கையெல்லாம் ஆட்டி, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கோமதி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க மொறைத் தண்ணியில கைய வெக்கக் கூடாதுன்னு அடைச்சிருக்காருங்க மாமா" என்று முடித்தேன்.

பழனிச்சாமி மாமா கண்ணைத் துடைக்கவில்லை. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"ஆரு, உங்கப்பனா? முப்பத்தஞ்சு வருசம் அவனுக்கு அடுத்த மொறை என்னுது. ஒரு நாளாச்சும் தானா மடைய அடைச்சிருக்கானா கேளு. நான் வரப்பு மேல வந்து நின்னு, 'நாச்சிமுத்து, மணியாச்சு, மணியாச்சு'ன்னு கத்தோணும். அப்பறமும் காது கேக்காதவனாட்ட ரெண்டு பாத்தி பாச்சிப்போட்டுத்தான் மம்பட்டிய எடுப்பான்."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் அங்க இல்ல. அவனுக்கு மணியாச்சுன்னு சொன்னது நீதான கண்ணு?"